மூன்றரை மணி வரை ஊர் காட்டியது

தூத்துக்குடியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால் நான் மூச்சுவிடாமல் சொல்வேன். பழைய துறைமுகம், உப்பளம், புன்னைக்காயல், காயல்பட்டினத்துத் தெருக்கள், மாதா கோயில். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதும் தெரியும். இருபத்தாறு வயதுவரை இந்த ஊரிலேயே இருந்தும் இதில் பாதி இடங்களுக்கு நான் போனதில்லை. எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் நடுவில் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. பார்க்க வந்தவர்களைக் காரில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அன்று காலை எட்டரைக்குத் தங்கையை பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் உள்ள ஒரு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். உள்ளே செல்போன் கூடாது என்பதால் அவளுடைய போனை என்னிடம் கொடுத்தாள். ஹால் டிக்கெட்டும் இரண்டு கறுப்புப் பேனாவும் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இந்தத் தேர்வு அப்பாவுக்குத் தெரியாது. அப்பா கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான், இரண்டாவது அவள். படிப்பதற்கு அப்பா ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. ஆனால் அந்த மாதம் சென்னையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பூர்விகம் நம் பக்கம்தான், அங்கே இரும்புக் கடை. "அவங்க வீட்ல பொம்பளையாட்கள் வேலைக்குப் போற வழக்கம் இல்ல" என்று தரகர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு அப்பா, "இந்தத் தடவ பரீச்ச வேண்டாம் தாயி" என்று சொல்லிவிட்டார். போன முறை ஒன்றிரண்டு கேள்விகளில் தவறவிட்டவள் அவள். சாப்பாடு இறங்காமல் இரண்டு நாள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தை என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான்தான் நிரப்பினேன். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தோம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் காரில் கிளம்பி மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் அவள் வந்து, குளித்து, சேலை கட்டி நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

வீடு திரும்பும் வழியிலேயே அப்பா கூப்பிட்டார்.

"ஏலே, எங்கன இருக்க? அவ்வொ ரயில்லயே வந்துட்டாவடே. லாட்ஜுல இருக்காவ."

"இப்பவேவா?"

"நல்ல நேரம் மூணரைக்குத்தான். அதுக்கு முன்னாடி வீட்டு வாசல மிதிக்கக் கூடாதுங்காவ. பக்கத்துத் தெருவுல ஒரு வாடகைக் கார எடுத்துட்டுப் போ. மூணரை வரைக்கும் ஊரச் சுத்திக் காட்டு."

அப்பாவுக்கு மகிழ்ச்சி. நான் பைக்கை ஓரங்கட்டி மணி பார்த்தேன்.

லாட்ஜ் வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அந்த அம்மாவின் தம்பி. மாப்பிள்ளையின் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். தம்பிக்காரர் வெள்ளை வேட்டி, பாக்கெட் நிறையப் பணமும் வாய் நிறையப் பேச்சுமாக இருந்தார். அவர் எனக்கு அண்ணாச்சி. மாப்பிள்ளை சிரித்தார், பேசவில்லை.

காரில் உட்கார்ந்ததும் அத்தை சொன்னார்: "மொதல்ல மாதா கோயிலுக்குப் போங்க தம்பி. நான் பொறந்தது சாயர்புரம் பக்கம். பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்தப்போ பாத்தது. அப்புறம் பாக்கவே வாய்க்கல."

மாதா கோயில். பின்தெருவில் தங்கை.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம அத்தை, பூசை நடக்கும். உள்ள நிக்கக்கூட இடம் இருக்காது. கடைசியா போவோம்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. அன்று ஊரிலேயே பயமில்லாத இடம் அந்தக் கோயில்தான். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை தங்கை நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருப்பாள், தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வர முடியாது. அப்போதே கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பதறுகிறவனுக்கு இது தோன்றுமா? அந்தத் தெருவை விட்டு எவ்வளவு தூரம் போகிறேனோ அவ்வளவு நல்லது என்று காரை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டிக் கிடந்தன. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் என்று சொன்னேன். நான் வேலை பார்ப்பது கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஆபீஸில். அதனால் அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். அண்ணாச்சி கைகட்டி நின்று கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும், முத்து எங்க?" என்றார்.

"முத்துக் குளிக்கது நின்னு ரொம்ப காலம் ஆச்சு அண்ணாச்சி."

"அப்ப ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து முத்து நகரம் முத்து நகரம்னு போர்டு வச்சிருக்கானே?"

"பேரு இருக்கு."

"கடையில மாலை தொங்குதே?"

"அது ஹைதராபாத்திலேர்ந்து வருது."

அண்ணாச்சி அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டியாக்கா, ஹைதராபாத் முத்த வாங்கத் தூத்துக்குடிக்கு வந்திருக்கோம்." மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் மணி பார்த்தேன். பத்து ஐந்து.

உப்பளத்துப் பக்கம் நிறுத்தினேன். வெள்ளை வெள்ளையாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்தார்கள். வெயில் தரையிலிருந்து கண்ணில் அடித்தது. அத்தை இறங்கவே இல்லை. மாப்பிள்ளை நாலு படம் எடுத்தார். நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தங்கையின் போன் என் பாக்கெட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஏதோ குரூப்பில் அவள் தோழிகள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிக்கு ரெண்டு போனா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணு ஆபீஸ்ல குடுத்தது."

ரோஜாப் பூ ஒட்டிய உறை போட்ட போன். அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

புன்னைக்காயலுக்கு ஓட்டினேன். வழியில் அத்தை கேட்டார்: "நீங்க மாதா கோயிலுக்கெல்லாம் போவீங்களா தம்பி?"

வாய்க்கு வேலை கிடைத்தது என்று நானும் அவிழ்த்துவிட்டேன். "பரீட்சன்னா எல்லாரும் போவோம் அத்தை. சாமி வேற, சர்ச் வேறன்னெல்லாம் இல்ல. எழுதி முடிச்சிட்டு நேரா அங்க போயி ஒரு மெழுகுதிரி ஏத்துவோம். எழுதுன பேனாவ அங்கனயே வச்சிட்டு வந்துருவோம். காலேஜ் பரீட்சைக்கு நான் எத்தன பேனா வச்சிருக்கேன் தெரியுமா?"

"எழுதுறதுக்கு முன்னாடி கும்பிட மாட்டீங்களா?"

"எழுதிட்டுதான். இனிமே உன் பாடுன்னு சொல்லிட்டு வந்துருவோம்."

அத்தை சிரித்துவிட்டார். அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பிப் பேசினார். எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது. பிடித்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புன்னைக்காயலில் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. வலை பின்னுகிற ஆள்கூட இல்லை. கோயில் மைக்கில் பாட்டு கேட்டது.

"என்ன தம்பி, ஸ்டிரைக்கா?" என்றார் அண்ணாச்சி.

"ஞாயித்துக்கெழம கடலுக்குப் போக மாட்டாவ."

"முத்து இல்லாத முத்து நகரம். மீன் இல்லாத மீன் பிடிக்கற ஊரு. அடுத்து எங்க கூட்டிட்டுப் போற, கடல் இல்லாத கடற்கரைக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக இருந்தது. அதைக் காட்டினேன். அத்தை அதை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. மணி பதினொன்று பத்து. இன்னும் கடத்த வேண்டிய நேரம் நிறைய இருந்தது.

முஸ்லிம்கள் நிறைந்த காயல்பட்டினத்தில் அண்ணாச்சி ஒரு வேலை செய்தார். பெரிய தெருவில் வெயில் தாங்காமல், நிழலாக இருக்கிறதே என்று இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்த சந்துக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிட்டார். நான் கூப்பிடுவதற்குள் பாதி தூரம் போய்விட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரு வாப்பா அது? வழி தப்பிட்டீங்களா? இது பொம்பளையாளுக நடக்குற முடுக்கு."

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக்கொண்டு போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தார். "போர்டு ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்றார். முகம் சிவந்திருந்தது.

"உள்ளூர்ல எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி. ஆம்பளைங்க தெருவுல, பொம்பளைங்க முடுக்குல."

"அப்ப நான் போலாம்ல?" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார். அவ்வளவுதான், ஆளைக் காணவில்லை. நாங்கள் மூன்று ஆண்களும் தெருமுனையில் ஒரு கடை நிழலில் நின்றோம். கால் மணி நேரம், அரை மணி நேரம். நேரம் போனால் நல்லது என்று காலையிலிருந்து தவித்தவன், இப்போது போகிற நேரத்தைப் பார்த்துப் பயந்தேன். திரும்பிப் போகும்போது தேர்வு விடும் நேரமாகிவிடுமோ, மாதா கோயிலுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்கு மணியடிப்பார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வருவாள். கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்ற ஐந்து நிமிடம். ஒரு மணிக்கு பஸ். ஒன்றரைக்கு நாங்கள் கோயிலுக்குள் போனால் அவள் வீட்டில் குளித்துக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்க."

"இல்லியே. வெயிலு" என்றேன்.

அத்தை கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். உள்ளே ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து வட்டிலப்பம் என்ற முட்டை இனிப்பும் கொடுத்தார்களாம். அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் துபாயில் இருக்கிறாராம், மூத்த மகள் டீச்சராம். "மருமகளப் பாக்க வந்திருக்கேன்னு சொன்னேன். பிள்ளைகிட்ட நேராப் பேசிப் பாருங்க, கூட வந்தவங்க சொல்றத நம்பாதீங்கன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு" என்று சிரித்தார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க மறுபடி உள்ளே போனார். இன்னொரு பத்து நிமிடம்.

ஒரு மணி தாண்டி ஆத்தூர்ப் பாலத்தில் வரும்போது, அண்ணாச்சி டீ குடிக்க இறங்கினார். நான் தள்ளிப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அப்பா.

"எங்கடே இருக்கிய?"

"ஆத்தூர்ப்பா. அம்மா எங்க?"

"அடுக்களையில கேசரி கிண்டுதா. என்ன விசயம்?"

தங்கை வந்துவிட்டாளா என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்க முடியவில்லை. "ஒண்ணும் இல்லப்பா" என்று வைத்துவிட்டேன். கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றே முக்காலுக்கு மாதா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினோம். பூசைக் கூட்டம் போய்விட்டிருந்தது. அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சின்ன வயதில் பார்த்ததைத் தேடுகிறவர்போல அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். அண்ணாச்சி மெழுகுதிரி ஏற்றுகிற இடத்தில் குனிந்து நின்றார்.

"நீ சொன்னது நெசம்தான் தம்பி. எவ்வளவு பேனா! எல்லாம் கறுப்பு. இன்னைக்கு என்ன பரீட்சை?"

நான் பதில் சொல்லுமுன் பார்த்துவிட்டேன். அந்த மெழுகுதிரித் தட்டின் மறுபக்கம், சாம்பல் நிறச் சுடிதாரில், ஒரு கையில் பிளாஸ்டிக் கவரும் மறுகையில் எரியாத மெழுகுதிரியுமாகத் தங்கை நின்றிருந்தாள். விடைத்தாள்களை எண்ணுவதில் ஏதோ குழப்பமாம், அவளுடைய அறையில் எல்லோரையும் ஒன்றரை வரை வெளியே விடவில்லையாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் போட்டோவை அவளும் பார்த்திருக்கிறாள்.

அத்தை என் பக்கத்தில் வந்து, மெதுவாக, ஆனால் அந்த அமைதியில் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளை… நம்ம பிள்ளை மாதிரி இல்ல?"

ஐந்தடி தூரம். "ஆமா அத்தை" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு எது நடந்தாலும் நடந்திருக்கும். என் வாய் அதற்குள் சொல்லிவிட்டது.

"இல்ல அத்தை. அது யாரோ."

தங்கை மெழுகுதிரியை ஏற்றினாள். அதை ஊன்றினாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எங்களைக் கடந்து வெளியே போனாள். கவருக்குள் இரண்டு பேனாவும் அப்படியே இருந்தன. வைக்கவில்லை.

சாப்பிட்டு, லாட்ஜில் கொஞ்சம் இருந்துவிட்டு மூன்றரைக்கு வீட்டுக்குள் போனோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாமல் நின்றார். மாலை போட்ட சாமி படம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே கோயில் விஷயம் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கை பச்சைச் சேலையில் காபித் தட்டோடு வந்தாள். அத்தைக்கு முன்னால் குனிந்தபோது தட்டைப் பிடித்திருந்த இடது கைப் பெருவிரல் கருநீலமாக இருந்தது. விடைத்தாளில் ரேகை வைக்கச் சொல்வார்கள். சோப்புப் போட்டாலும் லேசில் போகாத மை.

அத்தை காபியை எடுக்கவில்லை. விரலையே பார்த்தார். "என்னம்மா இது?"

"கம்ப்யூட்டர் கிளாசுல ஏதாச்சும்…" என்று அப்பா இழுத்தார்.

"பரீட்சை எழுதிட்டு வந்தேன் அத்தை" என்றாள் தங்கை. "மாதா கோயில்ல பாத்தீங்கல்ல, அது நான்தான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்த்தார்.

அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "ஜெனரல் தமிழ் ஈஸியா இருந்துச்சா? நான் ரெண்டு தடவ எழுதி அதுலதான் போச்சு."

"நீ சும்மா இருடா" என்றார் அண்ணாச்சி. ஆனால் தங்கை பதில் சொன்னாள். "இலக்கணம் கொஞ்சம் சுத்திவிட்டுட்டாங்க." அந்த நேரத்திலும் அதைச் சொன்னாள். அத்தை தட்டிலிருந்து காபியை எடுத்து முழுவதும் குடித்தார். வேலை, பரீட்சை எதைப் பற்றியும் பேசவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லுதோம் என்று எழுந்தார். ஒரு பகல் ஊர் சுற்றியதில் சாயர்புரத்துப் பேச்சு அவர் நாக்கில் திரும்பி வந்திருந்தது.

ஸ்டேஷனில் நான்தான் கொண்டுவிட்டேன். அண்ணாச்சி மக்ரூன் வாங்கக் கடைக்குப் போனார், மாப்பிள்ளையும் கூடப் போனார். அத்தை காரிலேயே இருந்தார்.

"பிள்ளை நல்ல பிள்ளை" என்றார். "வேலைக்குப் போறதப் பத்தி நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. அது தரகன் சொன்னதா இருக்கும்."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கேன் தம்பி, கோவிச்சுக்காத. நாளைக்கு அவ எங்க வீட்ல இருக்கும்போது அவளுக்கு ஒண்ணுன்னா நீதானே வந்து நிக்கணும்? அன்னைக்கும் யாரோன்னு சொல்லிருவியா?"

எனக்குப் பொய்கூட வரவில்லை. அவர் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் அப்பா யாரையும் திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. கடையைத் திறந்தார், பூட்டினார், சாப்பிட்டார். நாலாம் நாள் அத்தை அம்மாவுக்குப் போன் செய்தார். அப்பாவிடம் கொடுக்க வேண்டாம், பிள்ளையிடம் பேச வேண்டும் என்றாராம். தங்கை மாடிக்குப் போய்ப் பேசினாள். நான் படிக்கட்டுக்குக் கீழே அங்கும் இங்கும் நடந்தேன். இறங்கி வந்ததும் அப்பா கேட்டார்.

"என்ன சொல்லுதாவ?"

"ரிசல்ட் வந்த பெறவு பேசுவோம்னு நான் சொன்னேம்ப்பா. சரின்னுட்டாவ."

அப்பா காலண்டரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரிசல்ட்டு எப்ப வரும்லே?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவரைப் பொறுத்தவரை.

அந்த வாரக் கடைசியில், விடைக்குறிப்பு வெளியான அன்று நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் உட்காருவோம். நான் விடையை வாசிப்பேன், அவள் டிக் அடிப்பாள். அன்று அவள் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் வினாத்தாள் என்று தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரலாமா என்று தெரியவில்லை.

"எத்தன வருது?"

தலையைத் தூக்காமல், "கேக்கது யாரு?" என்றாள்.

"அண்ணன்."

"அத கோயில்ல வச்சுச் சொல்லிருக்கணும்" என்றாள்.

அடுத்த கேள்விக்கு டிக் அடித்தாள். வினாத்தாளை அழுத்திப் பிடித்திருந்த பெருவிரலில், நகத்தின் ஓரத்தில், மை இன்னும் கொஞ்சம் இருந்தது.